மரம் என் பெயரைச் சொன்ன காலை

பயப்படுவதற்கு எனக்கு எப்போதுமே பெரிய காரணம் தேவைப்பட்டதில்லை. மற்றவர்களுக்கு வேளாவேளைக்குப் பசிப்பதுபோல எனக்குப் பயம் வரும். பல்லி, இடி, இருட்டு, நாய், நாயின் சொந்தக்காரர், தொலைபேசி மணி, மேலதிகாரியின் செருமல் என்று எதையும் நான் பாரபட்சம் பார்த்து ஒதுக்கியதில்லை. (எங்கள் அம்மா சொல்வார்: "இவ பொறந்தப்ப அழவேயில்ல, திருதிருன்னு முழிச்சா. அப்பவே எனக்குத் தெரியும்.") அப்படிப்பட்ட ஒருத்தியை விடியாத வேளையில் ரப்பர்க் காட்டுக்குள் தனியாக நிற்க வைத்தால் என்ன ஆகும் என்பதை ஒருநாள் ஒரு தோட்டமே கூடி நின்று பார்த்தது.

எண்பதுகளின் நடுப்பகுதி. மலேசியாவில், சிரம்பானில் ஒரு தோட்டக் கம்பெனியின் வட்டார அலுவலகத்தில் பயிற்சிப் பிரிவு என்று ஒரு சின்ன அறை இருந்தது. அதில் நான் கிராணி. கிராணி என்றால் குமாஸ்தாதான். ஆனால் தோட்டத்துப் பக்கம் அந்தச் சொல்லுக்கு ஒரு கஞ்சி போட்ட மிடுக்கு உண்டு. அதற்கு முன்பு லோபாக்கில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை மடித்துக்கொண்டிருந்தேன். நான் வேலையை விட்டு வந்த அன்று கடை முதலாளி, "போய்ட்டு வாம்மா, எப்படியும் திரும்பி இங்கதானே வரப்போற" என்று அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பு என் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. லாரி ஓட்டும் என் அப்பாவோ, சிரம்பானை ஒட்டிய ராசாவில் எங்கள் வீட்டு வரிசையில் ஒரு வீடு விடாமல், மகள் கம்பெனி ஆபீசில் இருப்பதைச் சொல்லி முடித்திருந்தார்.

ஆனால் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அதுதான் என் முக்கியமான பயம். மற்ற பயங்களெல்லாம் அதற்கு உறவினர்கள்.

எனக்கு மேலதிகாரி தனபாலன் சார். நல்ல மனிதர். கோலாலம்பூரில் ஏதாவது கருத்தரங்குக்குப் போய் வந்தால் மட்டும் ஒரு வாரத்துக்கு அவரைக் கையில் பிடிக்க முடியாது. அந்த முறை போய் வந்தவர், பையை மேசைமேல் வைப்பதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"புஷ்பா, நாம பண்றது எல்லாம் தப்பு. வேல முடிஞ்சு வந்த ஜனத்த மண்டபத்துல உக்கார வச்சு கிளாஸ் எடுக்குறோம். பாதிப் பேரு தூங்குறான். மீதிப் பேருக்குப் புள்ள அழுவுது. கிளாசுக்கு ஆளைக் கூப்பிடக்கூடாது. ஆளுகிட்ட கிளாஸ் போகணும் லா!"

"எப்படி சார் போகும்?"

"தோள்ல மாட்டி!"

தோளில் மாட்டும் வாருடன் கூடிய சின்னக் கேசட் பெட்டிகள் ஒரு டஜன் வந்து இறங்கின. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது, முன்பக்கம் ஒலிபெருக்கி. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர் அதை மாட்டிக்கொண்டு நிரைக்குப் போக வேண்டியது. (நிரை என்பது ஒருவர் ஒரு நாளில் வெட்ட வேண்டிய மர வரிசை.) அவர் மரத்துக்கு மரம் நடப்பார்; பாடமும் கூடவே நடக்கும். இன்றைக்குக் கைப்பேசியில் பாடம் அனுப்பிவிட்டுப் புதுமை என்று பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். அந்தப் புதுமையை நாங்கள் அப்போதே செய்து, அப்போதே நாசமும் செய்துவிட்டோம்.

எண்ணெய் தரும் செம்பனையிலிருந்து ரப்பருக்கு மாற்றப்பட்ட புதியவர்கள் பலர் கத்தியை ஆழமாக இறக்கி மரங்களைக் காயப்படுத்திக்கொண்டிருந்தார்கள். காயம்பட்ட இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது. ஆகவே முதல் பாடம், மரத்தைக் காயப்படுத்தாமல் வெட்டுவது எப்படி என்பது. எழுத வேண்டியவள் நான். எனக்கோ ரப்பர் மரத்தைப் பேருந்து சன்னலிலிருந்து பார்த்துத்தான் பழக்கம். ஆங்கிலத்தில் ஒரு கையேட்டைக் கொடுத்தார்கள். அதைத் தமிழாக்கினால் மருந்துப்புட்டியின் மேல் ஒட்டிய காகிதத்தைப் படிப்பதுபோல இருந்தது. அப்போதுதான் எனக்கு அந்த விபரீத யோசனை வந்தது.

தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்குத் தன்கதையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 'நான் ஒரு பேனா', 'நான் ஒரு குடை' என்று ஒரு பொருளே தன் வரலாற்றைச் சொல்வதுபோலக் கட்டுரை எழுத வேண்டும். தொழிற்சாலையில் பிறந்து, யாராலோ வாங்கப்பட்டு, உழைத்துத் தேய்ந்து, கடைசியில் குப்பைத்தொட்டியில் கிடந்து கண்ணீர் விடுவதோடு கட்டுரை முடியும். அந்தக் கண்ணீரில் என்னை மிஞ்ச எங்கள் பள்ளியில் ஆள் கிடையாது. என் 'நான் ஒரு காலணி'யைப் படித்துவிட்டுத் தலைமையாசிரியை மூக்கைச் சிந்தியதாக ஒரு பேச்சு உண்டு. கணக்கில் நான் வாங்கிய மதிப்பெண்ணை நினைத்தும் அவர் சிந்தியிருக்கலாம்.

ஆகவே பாடத்தை இப்படித் தொடங்கினேன்: 'நான் ஒரு ரப்பர் மரம். என்னைத் தெரிகிறதா? உன் எதிரில்தான் நிற்கிறேன்.' அதன் பிறகு பேனா நிற்கவில்லை. 'என் தோலை மெல்லச் சீவு. எலும்பைத் தொடாதே. ஆ! வலிக்கிறது. ஆழமாக வெட்டிவிட்டாய். போகாதே, அடுத்த மரத்துக்குப் போகாதே. என் காயத்தைப் பார். உன் பாட்டனையும் எனக்குத் தெரியும். அவன் கை எப்படிப்பட்டது என்றும் தெரியும்.' கேட்பவர் கத்தியை எடுத்து வெட்டிப் பார்க்க நேரம் வேண்டும் என்பதற்காக நடுநடுவே நீண்ட மௌனங்களும் விட்டிருந்தேன். அந்த மௌனங்களைப் பற்றி எனக்கு ஏகப்பட்ட பெருமை.

தனபாலன் சார் முதல் வரியைப் படித்துவிட்டு, "ஐடியா நல்லாருக்கு" என்று கையெழுத்துப் போட்டார். மீதியை அவர் படிக்கவில்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

ஒலிப்பதிவு எங்கள் வீட்டுக் குளியலறையில் நடந்தது. வாசலில் பேருந்து ஓடும் வீட்டில் அமைதியான இடம் அது ஒன்றுதான். தண்ணீர்த் தொட்டி என் குரலை வாங்கிக் கொஞ்சம் கனமாக்கித் திருப்பிக் கொடுத்தது. அப்பா கதவைத் தட்டி, "உள்ள யாருகூடம்மா சண்ட போடுற? யாரு உன்ன வெட்டுனா?" என்று கேட்டதால் இரண்டு முறை முதலிலிருந்து பதிவு செய்ய வேண்டியதாயிற்று.

முடித்துப் போட்டுக் கேட்டேன். மயங்கிவிட்டேன். வானொலி அறிவிப்பாளராகப் போக வேண்டியவள் இப்படிக் கிராணியாக வீணாகிவிட்டாளே என்று என்மேல் எனக்கே இரக்கம் வந்தது. ஒரு கேசட் பெட்டியை வீட்டிலேயே வைத்துக்கொண்டு தினமும் சாயங்காலம் கேட்டேன். பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போட்டுக் காட்டினேன். அத்தை வந்தபோது போட்டேன். அத்தை போன பிறகும் போட்டேன். பேட்டரி என்று ஒன்று இருக்கிறது, அது தீரும் என்கிற ஞானம் எனக்குத் துளியும் வரவில்லை.

துரையின் முன்னால் திட்டத்தை நடத்திக்காட்ட ஒரு நாள் குறித்தார்கள். தோட்ட நிர்வாகியைத் துரை என்றுதான் சொல்வார்கள். வெள்ளைக்காரர்கள் கிளம்பி நம்மவர்கள் வந்த பிறகும் அந்தப் பெயர் மட்டும் நாற்காலியை விட்டுப் போகவில்லை. ரந்தாவ் பக்கம் இருந்த அந்தத் தோட்டத்தின் துரை தமிழர். ஆறடி. சிரித்ததைப் பார்த்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை என்று ஆபீசில் பேசிக்கொள்வார்கள். அவர் ஜீப் வரும் சத்தம் கேட்டால் தோட்டத்து நாய்களே எழுந்து நிற்குமாம்.

"அவருக்குத் திட்டம் புடிச்சுட்டா, உன் வேல அன்னைக்கே கன்ஃபர்ம்" என்றார் தனபாலன் சார்.

"புடிக்கலன்னா சார்?"

அவர் சன்னலைப் பார்த்தார். சன்னலில் எனக்கு லோபாக் ஜவுளிக்கடை தெரிந்தது.

அன்று நான் வெள்ளைச் சட்டையும் குதிகால் உயர்ந்த செருப்பும் போட்டுப் போனேன். (காட்டுக்குப் போகிறவள் போட வேண்டிய செருப்பா அது? துரை பார்ப்பார் இல்லையா?) பெரட்டுக் களத்தில், அதாவது விடியுமுன் ஆளெடுக்கும் இடத்தில், நெற்றி விளக்குகள் மின்மினிகள்போல அசைந்துகொண்டிருந்தன. பனிமூட்டம். தலையில் துண்டு கட்டிய பெண்கள் கேசட் பெட்டிகளைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். என் செல்லப் பெட்டி, நான் வீட்டில் வைத்துக் கேட்ட அதே பெட்டி, அஞ்சலை அக்காவிடம் போனது. நாற்பது வயதிருக்கும், வெற்றிலை போட்ட வாய்.

"இத மாட்டிக்கிட்டுக் குனிஞ்சா நெஞ்சுல இடிக்குதே தங்கச்சி?"

"பழகிடும்க்கா. பாடம் முழுக்கக் கேளுங்க" என்றேன் ஒரு பேராசிரியையின் குரலில்.

துரை ஜீப்பிலிருந்து இறங்கினார். எல்லா விளக்குகளும் ஒரு நொடி அசையாமல் நின்றன. என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். செருப்பில் வந்ததும் பார்வை கொஞ்ச நேரம் தங்கியது. "இதான் பாடம் எழுதுன பொண்ணா?" என்றார். அவ்வளவுதான். நான் ஒரு செருப்பை மற்றதன் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

தனபாலன் சார் என்னை ஓரமாக அழைத்தார். "துரைய நான் முதல்ல அந்தப் பக்கத்து நிரைக்குக் கூட்டிட்டுப் போறேன். நீ அஞ்சலையோட நிரைக்குப் போயி அங்கயே நில்லு. நாங்க வந்துருவோம்."

"தனியாவா சார்?"

"அஞ்சலை இருக்காளே லா!"

அஞ்சலை அக்கா அங்கே இல்லை. வேலையை மேற்பார்வை பார்க்கும் வேலு மண்டோர் கையை நீட்டி வழி காட்டிவிட்டுப் போய்விட்டார். நான் ஒரு டார்ச்சு விளக்கோடு அந்த வரிசைக்குள் நுழைந்தபோது ஆள் அரவமே இல்லை. பால் வெட்டுகிறவர்கள் நடப்பது நம்மைப்போல் அல்ல. ஒரு மரத்தில் கத்தி பட்டதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது மரத்தில் இருப்பார்கள். அக்கா எப்போதோ வரிசையின் மறுகோடிக்குப் போயிருந்தார். மரங்களில் புது வெட்டிலிருந்து பால் சொட்டி மங்குக் கிண்ணங்களில் விழும் சத்தம் மட்டும் கேட்டது. அதைத் தவிர என் இதயம்.

நான் யோசித்தேன். முன்னால் போனால் இருட்டு. பின்னால் போனால் துரை. இரண்டையும் எடைபோட்டுப் பார்த்துவிட்டு நின்ற இடத்திலேயே நின்றேன். அட்டை ஏறிவிடுமோ என்று ஒரு காலைத் தூக்கிக்கொண்டேன். ஒற்றைக் காலில் நிற்கத் தடுமாறியதால் பக்கத்திலிருந்த மரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டேன்.

நல்ல பெரிய மரம். சாய்ந்ததும் மனசுக்குக் கொஞ்சம் தெம்பாகக்கூட இருந்தது.

"வ...லி...க்...கி...ற...து" என்றது மரம்.

ஆண் குரல். கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல அடிவயிற்றுக் குரல். என் முதுகுத்தண்டு வழியாகவே அது உள்ளே ஏறியது. நான் மரத்திலிருந்து பிரிந்தேனா, மரம் என்னைத் தள்ளியதா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

இதைப் படிக்கிற உங்களுக்கு விஷயம் இந்நேரம் புரிந்திருக்கும். நீங்கள் வெளிச்சத்தில், நாற்காலியில் உட்கார்ந்து படிக்கிறீர்கள். எனக்குப் புரியவில்லை. அந்த வார்த்தைகள் நான் எழுதியவை என்பதுகூட நினைவுக்கு வந்தது. வந்து இன்னும் மோசமாகிப்போனது. மரத்தைக் கேட்காமல் மரத்தின் பெயரில் பேசிவிட்டோம், அது தெரிந்துகொண்டது, இப்போது நியாயம் கேட்கிறது என்றே என் புத்தி முடிவு கட்டியது.

"போ...கா...தே" என்றது மரம்.

போனேன். நான் அன்று ஓடிய ஓட்டத்தைப் பள்ளி விளையாட்டுப் போட்டியில் ஓடியிருந்தால் மாநில அளவில் ஒரு பதக்கம் நிச்சயம். ஒரு செருப்பு வரிசையிலேயே நின்றுவிட்டது. "மரம் பேசுது! மரம் பேசுது!" என்று கத்திக்கொண்டே எதிரில் வந்த வெளிச்சத்தை நோக்கிப் பாய்ந்து, கெட்டியாக எதையோ கட்டிப்பிடித்தேன். அது துரை.

அந்த நெஞ்சில் முகத்தைப் புதைத்தபடி, இவர் பரவாயில்லை, மனிதர்தானே என்று முதலும் கடைசியுமாக எனக்குத் தோன்றியது.

"என்னாது இது?" என்றார் துரை, தலைக்கு மேலிருந்து.

"மரம், சார். துரை. வலிக்குதுன்னு சொல்லுது. போகாதேங்குது."

தனபாலன் சார் என்னை மெல்லப் பிரித்தெடுத்தார். அதற்குள் என் கூச்சல் சுற்றியிருந்த நிரைகளுக்கெல்லாம் போயிருந்தது. ஒவ்வொருவராக நெற்றி விளக்கோடு வந்து சேர்ந்தார்கள்; துரை வந்த பிறகு போடலாம் என்று மற்றவர்கள் யாரும் பெட்டியை இன்னும் முடுக்கியிருக்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை. பட்டணத்துப் பெண், படித்தவள், கம்பெனி ஆபீசில் இருப்பவள், ஒற்றைச் செருப்போடு நடுங்குகிறாள் என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நானே ஒரு சாட்சிப் பத்திரமாகிவிட்டேன்.

"எந்த மரம்?" என்று துரை முன்னால் நடந்தார். எல்லாரும் பின்னால் போனோம். நான் நடுவில் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன்.

மரம் ஒன்றும் தெரியாததுபோல நின்றது. எல்லாரும் அதைச் சுற்றி அரைவட்டமாக நின்று உற்றுப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. சொட்டு, சொட்டு என்று பால் மட்டும். துரையின் பார்வை என் பக்கம் திரும்பியது. ஜவுளிக்கடையில் எந்த அலமாரியில் எந்தப் புடவை இருந்தது என்று எனக்கு வரிசையாக நினைவு வரத் தொடங்கியது.

"உ...ன்... பா...ட்...ட...னை...யு...ம்..." என்றது மரம்.

அரைவட்டம் மொத்தமாக ஓரடி பின்னால் போனது.

"...எ...ன...க்...கு...த்... தெ...ரி...யு...ம்."

மற்றவர்கள் மரத்தைப் பார்த்தார்கள். வயதானவர்கள் சிலர் மட்டும் துரையைப் பார்த்தார்கள். துரையின் பாட்டனார் ஒரு காலத்தில் அதே தோட்டத்தில் கங்காணியாக இருந்தவராம். பிரம்பும் கையுமாகத் திரிந்தவராம். அது எனக்கு அப்போது தெரியாது. நான் கண்டது இதுதான்: அந்த ஆறடி மனிதர் மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார். பிறகு குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். காலுறையோடு ஈர மண்ணில் நின்றார். துரையே பயப்படுகிறார் என்பதைப் பார்த்த அந்த நொடியில்தான் எனக்கு நிஜமான பயம் வந்தது. அதுவரை வந்ததெல்லாம் ஒத்திகை.

வேலு மண்டோர் ஓட்டமாக ஓடி, காட்டோரத்து முனியாண்டி கோயிலிலிருந்து கற்பூரமும் எலுமிச்சம்பழமும் கொண்டுவந்தார். யாரோ ஒரு சுருட்டைக் கொடுத்தார். மரத்தடியில் இலை விரித்து எல்லாம் வைத்தாயிற்று. கற்பூரம் எரிந்தது. தனபாலன் சார்கூடக் கண்ணை மூடிக்கொண்டார். கருத்தரங்கில் இதற்கு யாரும் வழி சொல்லித் தரவில்லை போலும்.

"முனியாண்டி சாமி! புள்ளைங்க தெரியாம ஆழமா வெட்டிருச்சுங்க, பொறுத்துக்க!" என்று மண்டோர் கைகளை உயர்த்திக் கூவினார். "இந்த எடத்துல குத்தம் செஞ்சது யாரு? மறைக்காம சொல்லு சாமி! பேரச் சொல்லு!"

மௌனம். (நான் பெருமைப்பட்ட மௌனங்களில் ஒன்று.)

"சொல்லு சாமி! யாரு அது?"

மரம் மூச்சு வாங்குவதுபோல ஒரு கரகரப்பு கேட்டது. பிறகு, முன்னைவிட மெதுவாக, முன்னைவிட ஆழமாக, ஒவ்வோர் எழுத்தாக வந்தது:

"கு...மா...ரி... பு...ஷ்...ப...லீ...லா."

வானொலியில் நிகழ்ச்சி முடிந்ததும் அறிவிப்பாளர் தன் பெயரைச் சொல்வார் அல்லவா? அதேபோல ஒரு நீண்ட இசைவான இடைவெளி விட்டு, நானும் கேசட்டின் கடைசியில் என் பெயரைச் சொல்லியிருந்தேன். வேறு எதையும் சொல்லாமல் பெயரை மட்டும் சொன்னால் கம்பீரமாக இருக்கும் என்பது என் கலை நோக்கு.

எல்லா நெற்றி விளக்குகளும் ஒரே நேரத்தில் என் முகத்துக்குத் திரும்பின. எனக்குத் தெரிந்த கடைசிக் காட்சி அது. பிறகு இலை விரித்திருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே நான் விழுந்துவிட்டதாகவும், பார்ப்பதற்குப் படையலில் சேர்த்தி மாதிரியே இருந்ததாகவும் பிறகு சொன்னார்கள்.

விழித்தபோது பொழுது விடிந்திருந்தது. அஞ்சலை அக்கா குனிந்து என் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"என்னா கூட்டம் இது? நான் அந்தக் கோடியில இருந்து வர்றேன், ஒருத்தனும் வேல செய்யல" என்றவர் எழுந்துபோய், மரத்தின் பின்பக்கத்தில் ஆணியில் மாட்டியிருந்த தன் துணிப்பையை எடுத்தார். அதிலிருந்து கோப்பிப் போத்தலை எடுத்தார். அதற்குப் பிறகு கேசட் பெட்டியை எடுத்தார். "பனி பட்டுறக் கூடாதுன்னு பைக்குள்ள வச்சேன் தங்கச்சி. நெஞ்சுல இடிச்சுக்கிட்டே இருந்துச்சு. பாடிச்சா அது?"

துரை உட்கார்ந்து சப்பாத்தைப் போட்டுக்கொண்டார். கயிற்றைக் கட்ட அவருக்கு வெகுநேரம் பிடித்தது. எழுந்தார், தொப்பியை வைத்தார், ஜீப்பை நோக்கி நடந்தார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

அதன் பிறகு ஆபீசில் நான் கழித்த நாட்களைச் சொல்லி மாளாது. தொலைபேசி அடித்தால் கோப்பு எடுக்கிற சாக்கில் வெளியே போய்விடுவேன். தனபாலன் சார் நிமிர்ந்து பார்த்தால், இதோ சொல்லப்போகிறார் என்று தோன்றும். வீட்டில் அப்பாவிடம் சொல்லவில்லை. "துரை என்னாம்மா சொன்னாரு?" என்று கேட்டார்; "ஒண்ணும் சொல்லலப்பா" என்றேன். அது உண்மைதான். லோபாக் வழியாகப் பேருந்து போனபோதெல்லாம் கடைப் பக்கம் பார்க்காமல் குனிந்துகொண்டேன்.

ஒரு நாள் ஜீப் வந்தது. துரை நேராக எங்கள் அறைக்கு வந்து, உட்காராமல் நின்றார். நான் எழுந்து நின்றேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன் என்பதுதான் சரி.

"அந்தக் காட்டப் போயிப் பாத்தேன்" என்றார். "ஒவ்வொரு மரமா. ஒரு மரத்துலகூடப் புதுக் காயம் இல்ல. கத்திய பூ மாதிரி வைக்கிறானுங்க. இத்தன வருஷமா நான் கத்தியும் நடக்காதது."

தனபாலன் சார் முகம் மலர்ந்தது. "நடமாடும் வகுப்போட பலன் சார்!"

"மத்த டிவிஷனுக்கும் அந்தக் கேசட்டு வேணும்" என்றார் துரை. பிறகு என்னைப் பார்த்தார். "ஆனா அதே குரல்ல."

"துரை, அது பேட்டரி தீந்து டேப்பு மெதுவா சுத்துனதால வந்த குரலு. புதுப் பேட்டரி போட்டா என் குரலுதான் வரும்."

"அப்ப பழைய பேட்டரி போடு." வாசல் வரை போய்விட்டுத் திரும்பாமலேயே சொன்னார்: "உன் வேலய கன்ஃபர்ம் பண்ணச் சொல்லிட்டேன். அந்தப் பாட்டன் வரிய மட்டும் எடுத்துரு."

இப்படியாக என் வேலை நிரந்தரமானது. கம்பெனி வரலாற்றிலேயே பேட்டரியைத் தீர்ப்பதற்கென்று சம்பளம் வாங்கிய ஒரே கிராணி நான்தான். புதுப் பேட்டரிகளை வானொலியில் போட்டு நாள் முழுக்கப் பாட விட்டு, குரல் ஆணாக மாறும் பதம் வந்ததும் எடுத்து, தோட்டங்களுக்கு அனுப்பி வைப்பேன். பதம் பார்ப்பதற்காகப் போட்டுக் கேட்கும்போது அறையில் வேறு யாராவது இருக்கும்படி பார்த்துக்கொள்வேன்.

ஆட்களுக்குக் கேசட் விஷயம் தெரிந்தும் எப்படிப் பயந்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நானும் அஞ்சலை அக்காவிடம் கேட்டேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "டேப்பு உன்னோடது, சரி. குரலும் உன்னோடதுன்னே வச்சுக்குவோம். மண்டோரு பேரக் கேட்ட நேரத்துல பேரு வந்துச்சே, அந்த நேரம் யாரோடது தங்கச்சி?"

இப்போதும்கூட அதை யோசிக்க ஆரம்பித்தால் விளக்கைப் போட வேண்டியிருக்கிறது.

கதை தோட்டம் தோட்டமாகப் போயிற்று. போகிற வழியில் ஒவ்வொரு ஊரிலும் ஒரு துண்டு உதிர்ந்தது. குவாலா பிலாவைத் தாண்டும்போது பேட்டரி உதிர்ந்துவிட்டது. பகாவ் போய்ச் சேர்ந்தபோது கேசட்டும் இல்லை. ஆபீசில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணை முனியாண்டி பேர் சொல்லிக் கூப்பிட்டார் என்பது மட்டும்தான் மிச்சம் இருந்தது. அந்த நிலைமையில்தான் பகாவிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா கண்டிப்புக்குப் பேர் போனவர். மூத்த மருமகள்கள் இருவரும் அவர் முன்னால் மூச்சுவிடக்கூட அனுமதி கேட்பார்கள் என்று என் அத்தை எச்சரித்திருந்தார். நான் கோப்பித் தட்டோடு வந்தேன். கோப்பைகள் தட்டில் தாளம் போட்டன. அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்து, "உன் பேரு என்னாம்மா?" என்று கேட்டார்.

"புஷ்பலீலா."

அவர் எழுந்து நின்றார். அவ்வளவு பெரிய அம்மாள், தட்டைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, "நீ உக்காரு தாயி" என்றார். வெளியே போய் மகனிடம் அடக்கிய குரலில் சொன்னது எங்கள் அடுப்படி வரை கேட்டது: "சாமி பேர் சொல்லிக் கூப்பிட்ட பொண்ணுடா. வேணாம்னு சொன்னா நமக்குத்தான் குத்தம். பேசாம கட்டிக்க."

கட்டிக்கொண்டார். முதல் வாரத்திலேயே அவரிடம் பேட்டரி கதையை முழுவதும் சொல்லிவிட்டேன். சிரித்து, கட்டிலிலிருந்து விழுந்தார். பிள்ளைகள் பிறந்து பெரியவர்களானதும் அவர்களுக்கும் தெரிந்தது. நான் கோபத்தில் நீட்டி முழக்கி ஏசி முடித்தால், என் மகள் உடனே அடித்தொண்டையில், "கு...மா...ரி... பு...ஷ்...ப...லீ...லா" என்று இழுப்பாள், வீடே உருண்டு சிரிக்கும். மாமியார் வரும் காலடிச் சத்தம் கேட்டால் மட்டும் எல்லாரும் வாயை மூடிக்கொள்வோம்.

ஏனென்றால் இத்தனை வருடங்களில் என் மாமியார் என்னிடம் ஒருமுறைகூடக் குரலை உயர்த்திப் பேசியதில்லை. குழம்பில் உப்பு கூடினால் தண்ணீர் ஊற்றிச் சாப்பிட்டுவிடுவார். உலகத்தில் என்னைப் பார்த்துப் பயப்படுகிற ஒரே ஆள் அவர். அவரிடம் உண்மையைச் சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது.